இடது காதுக்கு மட்டும்

ஒலி வளர்ச்சி வாரியத்தின் கட்டடத்தில் சத்தம் போடக் கூடாது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வாரியம் தரும் துணிச்செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நடைவழி முழுக்கத் தடித்த கம்பளம். கதவுகளின் விளிம்பில் ரப்பர் பட்டை. யாருக்காவது இருமல் வந்தால் போய் இருமிவிட்டு வர மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை உண்டு. நாட்டில் யார் எந்த வாத்தியத்தை வாசித்து வெளியிடுவதானாலும் இந்த வாரியம் கேட்டு, தலையாட்டி, அனுமதிக்க வேண்டும் என்பது சட்டம். ஒலியை வளர்ப்பதற்கென்று ஏற்பட்ட இடத்தில் ஏன் இப்படி ஓர் அமைதி என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டியிருந்ததே காரணம்.

நெட்டை என்று ஊரே கூப்பிடும் மனிதர் முதல் முறை போனபோது அந்தத் துணிச்செருப்பு அவருடைய பாதத்தில் பாதிதான் ஏறியது. குதிகால் வெளியே நிற்க, ஒரு பெரிய பறவை ஈரத்தில் நடப்பதுபோல் அவர் நடந்து போனார். அவருக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. நாள் முழுக்க அடுத்தவர் பயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர் என்பதால் அதிகம் பேசமாட்டார். இளவயதில் ஒரு ராக் குழுவில் கிட்டார் வாசித்தவர் என்று சொன்னால் அவரிடம் வண்டி கற்றவர்கள் நம்பமாட்டார்கள்.

அதே ஊரில் அதே காலத்தில் எதிரிக் குழுவில் கிட்டார் வாசித்தவர் இடி. பெயருக்கேற்ற வாசிப்பு. இரண்டு குழுக்களும் ஒன்றின் சுவரொட்டிமேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்த நாட்களில், இடி நெட்டையின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டார். அதனால் பகை தீர்ந்தது என்று சொல்ல முடியாது. அதுவரை தெருவில் இருந்தது வீட்டுக்குள் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தது. பிறகு இரண்டு குழுக்களும் கலைந்தன. இடி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தார்.

கண்ணாடிச் சட்டத்தின் பொடித் திருகை ஒரு நாள் அவருடைய இடது கை விட்டுவிட்டது. பொறுக்கி எடுத்தார். மறுபடியும் விட்டது.

"அண்ணா, டாக்டர் சொன்னத இவர் உங்ககிட்ட பாதிதான் சொல்லியிருப்பார்," என்றாள் தங்கை. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்தச் செய்தியையும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதுபோல் நிதானமாகச் சொல்வாள். "மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைப் பக்கமா மடங்கிக்கிட்டே வருது. ஆபரேஷன் பண்ணா சாப்பிட, சட்டை போட வசதியாயிடும். கம்பிய அழுத்துற அளவுக்குத் திரும்பாதாம். இந்த வருஷத்துக்குள்ள என்ன வாசிக்கணுமோ வாசிச்சுக்கச் சொல்லிட்டார்."

இடி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டையும் அதே ஜன்னலைப் பார்த்தார். வெகுநேரம் இருவரும் அந்த ஜன்னலுக்கு வேலை கொடுத்தார்கள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு பண்ணலாமா, மாப்ள?" என்றார் நெட்டை.

"நீ இத்தன வருஷமா கேட்கலியேன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றார் இடி. "பாட்டு வேண்டாம். பாடுறவன் வந்தா நம்ம ரெண்டு பேரையும் மிதிச்சிட்டு முன்னால வந்து நிப்பான். வெறும் கிட்டார். நீ கேளு, நான் பதில் சொல்றேன்."

"வாரியத்துக்கு யார் போறது?"

"நீதான். நான் போனா ஏதாவது பேசித் தொலைப்பேன். உனக்குப் பேசவே வராது. அந்த இடத்துக்கு உன்ன விட்டா ஆள் கிடையாது."

அப்படித்தான் நெட்டை துணிச்செருப்போடு பாடல்வரிப் பிரிவின் முன்னால் போய் நின்றார். பிரிவின் தலைவி தாழ்ந்த குரலில்தான் பேசினார். அந்தக் கட்டடத்தில் எல்லோருமே துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல்தான் பேசினார்கள்.

"பாட்டு வரி எங்கே?"

"வரி இல்லிங்க. வெறும் வாத்தியம்."

"இல்லைன்னு நான் எப்படி நம்புறது?"

"கேட்டா தெரியுங்க."

"கேட்கறது எங்க பிரிவு கிடையாது. படிக்கிறதுதான் எங்க பிரிவு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, யோசிச்சுப் பாருங்க. வரி இருந்தா அதுல என்ன தப்பு இருக்குன்னு எங்களால சொல்ல முடியும். இல்லாத வரியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இருக்கிறதைவிட இல்லாததுதான் எப்பவும் ஆபத்து. இந்தப் பிரிவோட அனுபவம் அது."

இப்படிப்பட்ட ஆபத்துக்கு வாரியத்தில் வழி இருந்தது. ஆல்பத்தில் இல்லாத வரிகளை எழுதிப் பார்ப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஒரு கவிஞர் இருந்தார். அவர் நெட்டையின் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சில வாரங்கள் கழித்து எழுதி முடித்தார். ஒரு பெண் ஆற்றிலிருந்து ஈர உடையோடு எழுந்து வருகிறாள். கரையில் நிற்கும் ஒருவன் அதை விவரமாகப் பார்க்கிறான். தலைவி அதைப் படித்து முடித்து நெட்டையைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?"

"நான் எழுதலிங்க."

"உங்க ஆல்பத்துலதானே இல்லாம இருக்கு?"

நெட்டை யோசித்தார். மறுக்க முடியவில்லை. இந்த வரிகளை எக்காலத்திலும் பாடமாட்டேன் என்று வலது கையை உயர்த்தி உறுதி சொன்னார். கவிஞர் பக்கத்தில் நின்று, தன் படைப்பு தடைசெய்யப்பட்ட பெருமிதத்தில் கண்கலங்கினார்.

அடுத்தது பரிசோதனை இசைப் பிரிவு. அங்கே இருந்த அதிகாரி இளைஞர், புதுமையில் ஈடுபாடு உள்ளவர். அதை அவரே சொன்னார்.

"எங்களுக்கு ரெண்டே விதிதான். நீங்க செய்யப்போறத இதுக்கு முன்னாடி யாரும் செஞ்சிருக்கக் கூடாது. இது முதல் விதி."

"சரிங்க."

"அத ஏற்கெனவே மூணு பேராவது செஞ்சிருக்காங்கன்னு காட்டணும். இது ரெண்டாவது."

சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. நெட்டை அதைப் பார்த்தபடி நின்றார். அவருடைய மௌனத்தை இளைஞர் ஆழம் என்று எடுத்துக்கொண்டார்.

"நீங்க முரண்பாடுன்னு நினைக்கிறீங்க. அரசாங்கப் பணத்துல புதுசா ஒண்ணு செஞ்சு அது தோத்துப்போனா யார் பதில் சொல்றது? அதனால, தோக்காதுன்னு உறுதியான புதுமைக்குத்தான் நாங்க ஊக்கம் கொடுக்கறோம். மத்தவங்க என்ன பண்ணுவாங்கன்னா, மூணு தோல்வியைக் காட்டுவாங்க. செஞ்ச மாதிரியும் ஆச்சு, யாரும் செய்யாத மாதிரியும் ஆச்சு."

நெட்டை தன் பழைய குழுவின் மூன்று கச்சேரிகளைச் சொன்னார். அந்த மட்டில் அவருக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

இதற்குள் இடியின் சுண்டு விரல் உள்ளங்கையைத் தொட்டுவிட்டது. மோதிர விரல் அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மருந்துக்கடையிலிருந்து வந்ததும் தங்கைதான் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து திருகுகளை முடுக்கினாள். நெட்டை ஒவ்வொரு முறை வாரியத்திலிருந்து வரும்போதும் இடி முதலில் கேட்டது ஒன்றுதான்: "இன்னும் எத்தன கதவு, மச்சான்?"

கடைசியில் கதவு திறந்தது. வாரியத்தின் ஒலிப்பதிவு அறை நல்ல அறை. அதில் யாரும் அதிகம் வாசிக்க அனுமதிக்கப்படாததால் புத்தம் புதிதாக இருந்தது. இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். நெட்டையின் கிட்டார் இடது காதில் மட்டும் கேட்கும். இடியின் கிட்டார் வலது காதில் மட்டும். ஒருவர் வாசித்து அவர் கம்பி முழுவதும் அடங்கிய பிறகுதான் மற்றவர் தொடங்கலாம். ஹெட்போன் போட்டுக் கேட்பவருடைய தலைக்குள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும்.

நெட்டை கேட்டது எல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள், வழி தெரியாதவன் தெருமுனையில் கேட்பது மாதிரி. இடி உடனே பதில் சொல்லவில்லை. காத்திருந்தார். பிறகு, வழி நன்றாகத் தெரிந்தும் வேறு கதை சொல்லும் ஆள்போல் எங்கோ தொடங்கி எங்கோ போய், கேட்டவன் தன் கேள்வியையே மறந்த நேரத்தில் அதன் வாசலில் கொண்டுவந்து விட்டார். அவருக்கு மிஞ்சியிருந்தது இரண்டு விரல்கள். மடங்கிய மற்ற இரண்டின் நகங்கள் கம்பியில் உரசி ஒரு கரகரப்பு எழுந்தது. முதலில் அதை மறைக்கப் பார்த்தார். அப்புறம் அதை நம்பியே வாசித்தார். அப்படி ஒரு ஒலியை நெட்டை எந்தக் கிட்டாரிலும் கேட்டதில்லை. தன் முறை வந்ததையும் மறந்து உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் பகுதி முடிந்ததும் இடி இடது கையை அக்குளில் செருகிக்கொண்டார்.

"அவ்வளவுதான், மச்சான். இனிமே இந்தக் கை கண்ணாடி துடைக்கத்தான்."

வாரியம் ஆல்பத்தைக் கேட்கும் நாள் வந்தது. வாரியத்தில் ஹெட்போன் ஒன்றுதான். பல வருடங்களுக்கு முன் ஒரு தலைவரும் ஒரு செயலாளரும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனபோது, யார் அதைப் போட்டுக்கொள்வது என்ற பிரச்சினை எழுந்தது. இருவருடைய கௌரவத்தையும் காப்பாற்ற அதை நடுவில் அறுத்து, ஒயரை நீட்டி, மேசையின் இந்த முனைக்கு ஒன்றும் அந்த முனைக்கு ஒன்றுமாகக் கொடுத்தார்கள். அந்த இருவரும் செத்துப்போன பிறகும் ஏற்பாடு நிலைத்தது. தலைவருக்கு இடது பாதி, செயலாளருக்கு வலது பாதி. மற்ற உறுப்பினர்கள் இவர்களுடைய முகத்தைக் கேட்பார்கள்.

இதுவரை அதனால் ஒரு கேடும் வந்ததில்லை. வந்த பாட்டிலெல்லாம் பாடுபவர் நடுவில் நின்றார். இரண்டு பாதியிலும் ஒன்றுபோலத்தான் கேட்டது.

தலைவர் இதற்குமுன் உப்புக் கழகத்தில் தலைவராக இருந்தவர். உப்பையும் ஒலியையும் தான் வேறுவேறாகப் பார்ப்பதில்லை, இரண்டிலும் அளவுதான் முக்கியம் என்பார். அவர் இடது பாதியைக் காதில் வைத்துக் கண்களை மூடினார். நெட்டையின் ஒரு சின்னக் கேள்வி. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி ஒரு கேள்வி. மறுபடி ஒன்றுமில்லை. தலைவரின் முகம் மெல்ல மலர்ந்தது. மேசையின் மறுமுனையில் செயலாளரின் முகம் சுருங்கியது. உறுப்பினர்கள் எந்த முகத்தைக் கேட்பது என்று தெரியாமல் தவித்தார்கள்.

"நல்ல அடக்கம்," என்றார் தலைவர். "ஒரே ஒரு ஆள். ரெண்டு வார்த்த பேசுறார், நிறுத்திடறார். நம்ம அலுவலகக் கூட்டத்துல யாராவது இப்படிப் பேசுறாங்களா?"

"ஒரு ஆள்தான். ஆனா அடக்கமாவது ஒண்ணாவது," என்றார் செயலாளர். "யாரும் கேட்காமலே பேசிக்கிட்டே இருக்கார். கூடவே ஏதோ கரகரப்பு."

"கரகரப்பே இல்லையே."

"இருக்குங்க, ஐயா."

"நான் கேட்கலன்னா இல்லைன்னுதான் அர்த்தம்."

சுவரோரமாக நின்ற ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு விஷயம் ஒரு நொடியில் புரிந்திருக்க வேண்டும். நெட்டை அவர் முகத்தில் அதைப் பார்த்தார். அவருக்குப் பதவி உயர்வு அந்த மாதம் வரவிருந்தது என்பதையும் பார்த்தார்.

"ஐயா சொல்றது சரி. செயலாளர் ஐயா சொல்றதும் சரி," என்றார் ஒலிப்பதிவாளர்.

அதைக் கேட்டு வாரியம் நிம்மதியடைந்தது. இரண்டும் சரி என்றால் இரண்டு ஆல்பம் வந்திருக்கிறது என்று பொருள். தலைவர் கேட்டது அனுமதிக்கப்படுகிறது. செயலாளர் கேட்டது நிராகரிக்கப்படுகிறது.

"ஐயா," என்றார் நெட்டை. தன் குரல் அந்த அறையில் அவருக்கே பெரிதாகக் கேட்டது. "அந்தப் பாதிய இந்தக் காதுல வச்சுப் பாருங்க. அதுதான் பதில். அது இல்லாம என்னோடது வெறும் கேள்விதான்."

தலைவர் மேசையின் மறுமுனையைப் பார்த்தார். அறுத்த பாதி அங்கே கிடந்தது. எடுக்க வேண்டுமானால் அவர் எழுந்து போக வேண்டும்.

"கேள்வி கேட்கறதோட கலைஞனோட கடமை முடிஞ்சுது," என்றார் அவர். "பதில் சொல்ல நாங்க இருக்கோம்."

நிராகரிக்கப்பட்ட ஒலியை வாரியம் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. வெளியே யாருக்கும் பிரதி கொடுக்கக் கூடாது என்பதும் விதி. நெட்டை மாடி இறங்கி ஒலிப்பதிவு அறைக்கு ஓடினார். ஓட்டத்தில் துணிச்செருப்பு கழன்று எங்கேயோ போயிற்று. ஒலிப்பதிவாளர் அவருக்கு முன்பே லிப்டில் இறங்கி வந்திருந்தார்.

"அழிச்சாச்சு சார்," என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு."

நெட்டை அவரை அடிக்கவில்லை. அது அவருக்கே பிற்பாடு வருத்தமாக இருந்தது.

வீட்டில் சொன்னபோது தங்கைதான் முதலில் பேசினாள். அவள் சொன்னவை, எந்தப் பிரிவும் அனுமதிக்காத வரிகள். இடி கேட்டுவிட்டு, "அவ்வளவு வேகமா எந்த வேலையும் அங்க நடந்ததில்லையே," என்றார். அடுத்த மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் சொன்னபடியே கை சட்டை போடுவதற்கு வசதியாயிற்று.

ஆல்பம் வெளிவந்தது. வலது காதில் முழுக்க வெறுமை. இடது காதில் சில கேள்விகள், நடுநடுவே நீண்ட இடைவெளிகள். துணிச்சல் என்றார்கள். மௌனத்தின் கட்டடக்கலை என்று ஒருவர் எழுதினார். வாங்கியவர்கள் ஒரு பக்கம் கேட்கவே இல்லை, பழுது என்று கடைகளுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததை யாரும் எழுதவில்லை. ஆண்டின் சிறந்த கூட்டுப் படைப்புக்கான விருதை வாரியம் அதற்கே அறிவித்தது.

"கூட்டுப் படைப்பா? யார்கூட?" என்றார் இடி.

அந்தக் கேள்வி வாரியத்துக்கும் எழுந்திருந்தது. ஒலிப்பதிவுக்குக் கொடுத்தது இரண்டு கலைஞர்களின் கூட்டு என்ற அனுமதி, ஒருவரோ நிராகரிக்கப்பட்டவர். ஆல்பத்தில் பாதிக்கு மேல் மௌனம். அந்த மௌனத்தை உண்டாக்கியவர் யார் என்று ஆராய்ந்தபோது விடை தெளிவாக இருந்தது. விருது நெட்டைக்கும் வாரியத்துக்கும் சேர்த்து வழங்கப்படும். வாரியத்தின் சார்பில் தலைவர் பெற்றுக்கொள்வார். இருவரும் மேடையில் சேர்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

"நான் போகல, மாப்ள."

"போகலன்னா உன்னோடதையும் அழிப்பாங்க. உன்னோடதாவது இருக்கட்டும். போ. நாங்களும் வந்து உட்கார்றோம்."

விழாவில் தலைவர் நீண்ட உரை ஆற்றினார்.

"வாரியம் கலைஞர்களுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்று சிலர் பேசுகிறார்கள். இந்த ஆல்பத்தைக் கேளுங்கள். இதில் பாதிக்கு மேல் நாங்கள் கொடுத்தது. ஒரு கலைஞன் எங்கே வாயை மூட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அது நிர்வாகத்துக்குத் தெரியும். நான் எந்த வாத்தியமும் கற்றவனல்ல. பயிற்சியே இல்லாமல் இத்தனை தூரம் வர முடியும் என்பதற்கு, இளைஞர்களே, நான் உங்கள் முன் நிற்கிறேன்."

கைதட்டல் அடங்கியதும் இரண்டு நாற்காலிகள் போட்டார்கள். இடது நாற்காலியில் நெட்டை கிட்டாரோடு உட்கார்ந்தார். வலது நாற்காலியில் தலைவர் வெறுங்கையோடு உட்கார்ந்து கோட்டுப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார்.

நெட்டை முதல் கேள்வியை வாசித்து நிறுத்தினார். கம்பி அடங்கியது. தலைவர் மோவாயை உயர்த்தினார், கண்களைப் பாதி மூடினார், மூக்கால் ஆழமாக மூச்சு விட்டார். அரங்கமே அவரைப் பார்த்தது. செயலாளர் முதல் வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தார். தலைவர் கையைச் சற்று அசைத்துத் தன் பகுதி முடிந்ததைத் தெரிவித்தார்.

இரண்டாவது கேள்வி. நெட்டை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார். மூன்றாவது வரிசையில் தங்கை. பக்கத்தில் இடி. இடியின் இடது கை தொடைமேல் இருந்தது. இரண்டு விரல்கள் மட்டும் துணிமேல் எங்கோ தொடங்கி எங்கோ போய்க்கொண்டிருந்தன.

நெட்டை தன் மோதிர விரலையும் சுண்டு விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். இடியின் பதிலை வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பதிலுக்கும் அத்தனை நேரம் காத்திருந்தவருக்கு அது நினைவில் இருந்தது. கைக்குத்தான் தெரியவில்லை. தடுக்கி விழுந்து எழுந்து போயிற்று.

தலைவர் ஒரு கண்ணைத் திறந்தார். "இது என் பகுதி," என்றார் அடிக்குரலில்.

"தெரியுங்க. கொஞ்சம் தள்ளி உட்காருங்க, முழங்கை இடிக்குது."

"மச்சான், அது இல்ல," என்று மூன்றாவது வரிசையிலிருந்து சாதாரணக் குரலில் சத்தமாக வந்தது. "நகம் மட்டும் படணும். சதை படக் கூடாது."

நெட்டை மறுபடி வாசித்தார்.

"இப்பப் பரவால்ல. என்ன அவசரம் உனக்கு? நான் எப்ப அங்க ஓடினேன்?"

அரங்கத்தில் திரும்பாத தலை இல்லை. "இவர சத்தம் போட வேண்டாம்னு சொல்லுங்கம்மா," என்று பின்வரிசையில் ஒருவர் தங்கையிடம் குனிந்தார். "நீங்க வேணா போய் இருமிட்டு வாங்க," என்றாள் அவள்.

செயலாளர் கை காட்டினார். பதவி உயர்வு பெற்றிருந்த ஒலிப்பதிவாளர் மேடையின் ஒலியைத் துண்டித்தார். பெரிய ஒலிபெருக்கிகள் அணைந்தன. நெட்டையின் மின்கிட்டாரிலிருந்து இப்போது கொசு அளவுக்குத்தான் சத்தம் வந்தது. பக்கத்தில் இருந்தாலொழிய யாருக்கும் கேட்காது.

இடி எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி, படியேறி வந்தார். நெட்டையின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வலது காதைக் கிட்டாரின் மரத்தோடு ஒட்ட வைத்துக்கொண்டார்.

"திரும்ப."

நெட்டை வாசித்தார்.

"ரெண்டாவது தடவ நழுவுது பாரு, அங்க நில்லு. அழுத்தாத, விடு. ஆங். அதுக்கப்புறம் என்ன வரும்?"

"நீங்கதான் சொல்லணும், மாப்ள."

"நானே மறந்துட்டேன். வாசி, வரும்."

ஒலிபெருக்கிகள் அணைந்த அரங்கத்தில் ஆழ்ந்த அமைதி. தலைவர் ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தன் முறை வந்துவிட்டதை உணர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். மோவாயை உயர்த்தி, இந்தத் தடவை கண்களை முழுவதுமாக மூடிக்கொண்டார். கைதட்டல் எழுந்தது. அவருடைய முழங்காலுக்கு அருகில் இரண்டு பேர் ஒரு கிட்டார்மேல் குனிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அன்று அந்தப் பகுதியை முடித்து, அடுத்ததைத் தொடங்கி, அதிலும் பாதி தூரம் போய்விட்டார்கள். தலைவர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்.